விண்வெளிப் பயணமும் விளையாட்டும்

குழந்தைகள் தெருமணலைக் குவித்துச் சிற்றில் இழைக்கின்றனர். அம்மணலையே சோறாகச் சமைத்துத் தோழியர்க்குப் படைக்கின்றனர். சிறுதேர் உருட்டி மகிழ்கின்றனர். மணற்சோறு பசியைத் தணிப்பதில்லை. சிறுதேர் எவரையும் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டு சேர்ப்பதில்லை. எனினும், அவ்விளையாட்டை வீண் என்று அறிவுடையோர் இகழ்வதில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிற்றிலுக்கும் சிறுதேருக்கும் தனித்தனிப் பருவம் வகுத்துச் சிறப்பித்தனர். வளர்ந்தபின் செய்யவேண்டிய வினைகளைக் குழந்தை முன்னரே விளையாட்டாகச் செய்து பார்க்கின்றது. ஆதலின், இத்தகைய விளையாட்டை வாழ்வின் ஒத்திகை எனலாம்.

ஆயினும், எல்லா விளையாட்டும் ஒத்திகை அன்று. பம்பரம் சுற்றும் சிறுவன் எத்தொழிலுக்கும் ஒத்திகை பார்ப்பதில்லை. மகிழ்ச்சி ஒன்றே அவன் பெறும் பயன். இவ்வாறு, ஒத்திகையாக அமைவதும் மகிழ்ச்சிக்கென்றே அமைவதும் என விளையாட்டு இருவகைப்படும். மண்ணில் ஆடும் விளையாட்டில் காணப்படும் இவ்விரு வகையும், மனிதன் விண்ணை எட்டியபின் தோன்றிய விண்வெளி விளையாட்டுகளிலும் காணப்படுகின்றன.

1961ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் யூரி ககாரின் என்னும் இரஷிய வீரர் புவியை ஒருமுறை வலம் வந்து மீண்டார். விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதர் அவரே. அதற்கடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸல் என்பாரும் அவர்தம் தோழரும் ‘ஸ்பேஸ்வார்’ என்னும் விளையாட்டைக் கணிப்பொறியில் அமைத்தனர். இருவர் ஆடும் ஆட்டம் அது. வட்டமான ஒளித்திரையின் நடுவே ஒரு விண்மீன் நிற்கும். அதனைச் சூழ இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று தாக்க முயலும். நடுநின்ற விண்மீன் இரு கலங்களையும் தன்பால் ஈர்த்துக்கொண்டே இருக்கும். அவ்வீர்ப்பை அறியாது கலம் செலுத்தியவன் அவ்விண்மீனில் வீழ்ந்து அழிவான். அறிந்தவனோ அதனையே துணையாகக் கொண்டு விரைந்து வளைந்து பகைவனைத் தாக்குவான். ஆனால், கலங்களை ஈர்த்த அவ்விண்மீன் அவை எய்த கணைகளை ஈர்க்கவில்லை. அக்காலத்துக் கணிப்பொறியால் அத்துணைக் கணக்கையும் உடனுக்குடன் செய்து முடிக்க இயலாமையே அதற்குக் காரணம். எனவே, முதன்முதல் தோன்றிய அவ்விளையாட்டிலேயே மெய்யும் புனைவும் கலந்து நின்றமை புலனாகும்.

அதன்பின் வந்தவை இரு கிளைகளாகப் பிரிந்தன. ஒரு கிளை மகிழ்ச்சியை நாடிற்று. 1978ஆம் ஆண்டு ஜப்பானில் டொமோஹிரோ நிஷிகாடோ அமைத்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் விளையாட்டு உலகெங்கும் பரவியது. விண்ணிலிருந்து அணியணியாக இறங்கிவரும் பகைவரை ஆடுபவன் கீழிருந்து சுட்டு வீழ்த்த வேண்டும். அவ்விளையாட்டில் விண்வெளி என்பது பெயரளவே. கோட்டை வாயிலில் நின்று காவல் காப்பதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. விரல் விரைவும் கண் கூர்மையும் இருப்பின் வெற்றி கிட்டும். இயற்கை விதி எதனையும் ஆடுபவன் அறிய வேண்டுவதில்லை.

இத்தகைய விளையாட்டுகளில் விண்கலம் பெரும்பாலும் காற்றில் பறக்கும் வானூர்திபோலவே இயங்கும். பொறியை நிறுத்தினால் கலமும் மெல்ல நிற்கும். தலையைத் திருப்பினால் செல்லும் திசையும் உடனே திரும்பும். பகைவர் கலம் வெடித்தால் செவி அதிரும். மெய்யான விண்வெளியிலோ இவற்றுள் ஒன்றும் நிகழாது. தடுக்கும் காற்று அங்கு இல்லையாதலால், பொறி நின்ற பின்னரும் கலம் தான் பெற்ற விரைவை இழப்பதில்லை. தலையைத் திருப்பினாலும் அது முன்சென்ற வழியிலேயே செல்லும்; வழி மாறவேண்டின் பொறியை மீண்டும் இயக்க வேண்டும். ஒலியைச் சுமந்து வரும் ஊடகம் இன்மையால், அருகே ஒரு கலம் வெடிப்பினும் ஓசை எழாது.

இவ்வாறாயின், விளையாட்டு அமைப்போர் மெய்யை அறியாதவரோ எனின், அல்லர். அறிந்தே அதனை விடுத்தனர். டேவிட் பிரேபன் என்பாரின் பட்டறிவு இதற்குத் தக்க சான்றாகும். அவர் இயன் பெல் என்பாருடன் சேர்ந்து 1984ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ‘எலைட்’ என்னும் விளையாட்டை அமைத்தார். அதில் கலங்கள் வானூர்திபோலப் பறந்தன. ஆடியவர் மிக மகிழ்ந்தனர். 1993ஆம் ஆண்டு வெளிவந்த அடுத்த பகுதியில் அவர் நியூட்டனின் விதிகளைப் பிறழாது பின்பற்றினார். விளைவு யாது? போர் தொடங்கியவுடன் இரு கலங்களும் பெருவிரைவுடன் ஒன்றையொன்று கடந்து நெடுந்தொலைவு சென்றுவிடும். விரைவைக் குறைத்துத் திரும்பி வரவே நெடுநேரம் ஆகும். வந்தவுடன் மீண்டும் கடந்து செல்லும். இயற்கைக்கு ஏற்ற அப்போர் ஆடுபவர் பலர்க்கு இன்பம் பயக்கவில்லை. 2014ஆம் ஆண்டு அவ்வரிசையில் வெளிவந்த மற்றொரு விளையாட்டில் கலங்களின் விரைவுக்கு மீண்டும் எல்லை வகுக்கப்பட்டது. மெய் கூடியபோது களிப்புக் குறைந்தது. களிப்பை மீட்க மெய்யைச் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

மற்றொரு கிளை மெய்ம்மையை நாடிற்று. அதற்கு வித்திட்டவருள் ஒருவர் பள்ளி மாணவர் என்பது அறிந்து மகிழத்தக்கது. 1969ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மனிதன் நிலவில் அடிவைத்தான். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில், அமெரிக்காவில் லெக்சிங்டன் என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற ஜிம் ஸ்டோரர் என்னும் மாணவர் நிலவில் கலம் இறக்கும் விளையாட்டு ஒன்றைக் கணிப்பொறிக்கு எழுதினார். அதில் படம் இல்லை, ஒலி இல்லை, எழுத்தும் எண்ணுமே உண்டு. கலம் நிலவுக்கு மேல் 120 மைல் உயரத்தில், மணிக்கு 3600 மைல் விரைவில் வீழ்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு 10 நொடிக்கும் எரிபொருள் எவ்வளவு எரிய வேண்டும் என்பதை ஆடுபவன் சொல்ல வேண்டும். முன்னரே மிகுதியாக எரித்தால் எரிபொருள் தீர்ந்து கலம் வீழும். காலம் தாழ்த்தி எரித்தால் விரைவு குறையாது தரையில் மோதும். ஈர்ப்பும் எடையும் எரிபொருளும் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை வெற்று எண்களே விளங்க வைத்தன. மெய்ம்மை என்பது கண்ணைக் கவரும் படத்தில் இல்லை, கணக்கின் செம்மையில்தான் உள்ளது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

கணக்கின் செம்மை ஏன் இத்துணை இன்றியமையாதது? மண்ணுலகில் பழகிய அறிவு விண்ணில் மனிதனை ஏமாற்றிவிடும் என்பதே விடை. 1965ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் ‘ஜெமினி 4’ என்னும் கலத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட், எட்வர்டு ஒயிட் என்னும் வீரர் இருவர் விண்ணுக்குச் சென்றனர். அவர்களைச் சுமந்து சென்று பிரிந்த ஏவுகணையின் மேற்பகுதி சிறிது தொலைவில் மிதந்துகொண்டிருந்தது. அதனை அணுகிச் செல்லுமாறு மெக்டிவிட் பணிக்கப்பட்டிருந்தார். கலத்தின் முகத்தை அதன்பால் திருப்பிப் பொறியை இயக்கினார். மண்ணில் எவரும் செய்யக்கூடியது அதுவே. ஆனால், அணுக அணுக அஃது அகன்றது. மீண்டும் முயன்றார், மீண்டும் அகன்றது. எரிபொருள் குறைந்ததன்றி வேறு பயன் விளையவில்லை. இறுதியில் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இதன் காரணம் சிந்திக்கத்தக்கது. புவியைச் சுற்றும் பொருள்களுள் தாழ்ந்த பாதையில் செல்வது விரைந்து செல்லும். உயர்ந்த பாதையில் செல்வது மெல்லச் செல்லும். முன்னே செல்லும் பொருளை நோக்கிக் கலத்தை உந்தினால், கலம் உயர்ந்த பாதைக்கு ஏறும். ஏறவே, புவியைச் சுற்றிவர அதற்கு மிகுந்த காலம் ஆகும். ஆகவே அது பின்தங்கும். முன்செல்பவனைப் பிடிக்க வேண்டுமாயின் முதலில் விரைவைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும். அப்பாதையில் விரைந்து அவனை நெருங்கியபின் மேலே ஏற வேண்டும். முந்த விரும்புபவன் முதலில் பிந்த வேண்டும் என்பது விடுகதைபோல் தோன்றினும் அதுவே விண்ணின் விதி. அவ்விதியைக் கணக்கிட்டுப் பயின்றதனால், அதே ஆண்டு டிசம்பர்த் திங்களில் ‘ஜெமினி 6’ என்னும் கலம் ‘ஜெமினி 7’ என்னும் கலத்தை ஓரடித் தொலைவு வரை நெருங்கி நின்றது.

இந்த விதிகளை ஒன்றும் குறையாது காட்ட முயல்வன ஒத்திகை விளையாட்டுகள். ஆங்கிலத்தில் ‘சிமுலேட்டர்’ எனப்படுவதைத் தமிழில் ஒத்திகைப் பொறி எனலாம். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியாற்றிய மார்ட்டின் ஷ்வைகர் என்னும் அறிஞர் 2000ஆம் ஆண்டு ‘ஆர்பிட்டர்’ என்னும் ஒத்திகையை அமைத்து, எவரும் விலையின்றிப் பெறுமாறு வழங்கினார். அதில் பகைவர் இல்லர், போர் இல்லை, வென்றவர்க்கு மதிப்பெண்ணும் இல்லை. ஞாயிறும் கோள்களும் நிலவுகளும் தத்தம் மெய்யான அளவிலும் தொலைவிலும் அமைந்துள்ளன. கலத்தைப் புவியிலிருந்து எழுப்பி, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் சேர்ப்பதே ஒரு பெருஞ்செயல். நிலையத்தின் பாதை தன் ஊருக்கு நேராக வரும் வேளையறிந்து புறப்பட வேண்டும். நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் விரைவு பெற வேண்டும். பாதைகளின் தளத்தை ஒன்றுபடுத்த வேண்டும். பின்னர்ப் பையப்பைய நெருங்க வேண்டும். புதியவர் பலர் முதல்நாள் முயன்று தோற்றுச் சோர்வுறுவர். நூல் பயின்று மீண்டும் மீண்டும் முயல்பவரோ, கலம் நிலையத்தைத் தொடும் அந்நொடியில், பிறிதொரு விளையாட்டில் பெறலாகாத இன்பத்தைப் பெறுவர். அது கற்றவன் பெறும் இன்பம்.

களிப்பும் மெய்யும் ஓரிடத்தில் கூடுதல் அரிதோ? அவ்விரண்டையும் இணைக்க முயன்றது ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்னும் விளையாட்டு. மெக்சிகோ நகரில் ஃபெலிப்பே ஃபலாங்கே என்பார் தொடங்கிய இவ்விளையாட்டு 2011ஆம் ஆண்டு முதலில் வெளிவந்து, 2015ஆம் ஆண்டு முழுமையுற்றது. கெர்பல்கள் என்னும் பச்சை நிறச் சிற்றுருவங்கள் அதில் விண்வெளி வீரர்கள். ஏவுகணையை ஆடுபவனே உறுப்பு உறுப்பாக இணைத்துக் கட்ட வேண்டும். பிழையாகக் கட்டின் அது சாயும், உடையும், நடுவானில் வெடிக்கும். அதனைக் கண்டு ஆடுபவன் அழுவதில்லை, நகைப்பான், நகைத்துவிட்டு, எங்கே பிழை நேர்ந்தது என ஆராய்ந்து மறுபடியும் கட்டுவான். தோல்வியை நகைச்சுவையாக்கியது இவ்விளையாட்டின் தனித்திறம்.

இவ்விளையாட்டில் கெர்பல்களின் உலகம் நம் புவியைப் போன்றதன்று. புவியின் ஆரம் ஏறத்தாழ 6371 கிலோமீட்டர். அச்சிற்றுலகின் ஆரமோ 600 கிலோமீட்டரே. ஆயினும், தரையில் நிற்பவனை அது புவியைப் போலவே ஈர்க்கும். அத்துணைச் சிறிய உருண்டை அவ்வளவு ஈர்க்க வேண்டுமாயின், அது பொன்னைப் போல் ஏறக்குறைய மும்மடங்கு அடர்த்தி உடையதாக இருத்தல் வேண்டும். அத்தகைய கோள் எங்கும் காணப்பட்டதில்லை. இப்புனைவு ஒன்றைச் செய்ததனால் ஆடுபவர்க்குப் பெரும் எளிமை வாய்த்தது. புவியைச் சுற்ற நொடிக்கு 7.7 கிலோமீட்டர் விரைவு வேண்டும், அங்கோ 2.3 கிலோமீட்டர் போதும். சிறு ஏவுகணையாலும் விண்ணை எட்டலாம். ஆனால், எட்டியபின் கலம் இயங்கும் முறையில் பொய் இல்லை. முந்துவதற்குப் பிந்த வேண்டும் என்னும் விதி அங்கும் ஆட்சி செய்கின்றது. மெக்டிவிட் அன்று விண்ணில் திகைத்துக் கற்றதை இன்று ஒரு சிறுவன் வீட்டிலிருந்தே கற்றுக்கொள்கின்றான். அளவில் பொய் கூறி விதியில் மெய் காத்தமையே அவ்விளையாட்டின் சிறப்பு. எனினும், ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பையே அது கணக்கில் கொள்ளும். பல கோள்கள் ஒருங்கே ஈர்ப்பதனால் விளையும் நுட்பங்களை அதனிடம் கற்க இயலாது. அவற்றை அறிய விரும்புபவன் ‘ஆர்பிட்டர்’ போன்றவற்றையே நாட வேண்டும்.

வீட்டில் ஆடும் ஒத்திகையில் தோற்றால் இழப்பு ஒன்றும் இல்லை. உயிரைப் பணயம் வைத்துச் செல்லும் வீரர்க்கோ ஒத்திகை உயிர்காக்கும் கவசம். 1969ஆம் ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில், ‘அப்பல்லோ 11’ புறப்படுவதற்குச் சில நாள் முன்னர், ஹூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தில் நிலவில் இறங்கும் ஒத்திகை நடைபெற்றது. பயிற்றுவோர் வேண்டுமென்றே கலத்தின் கணிப்பொறி ஓர் அபாய எண்ணைக் காட்டுமாறு செய்தனர். கணிப்பொறிப் பகுதியைக் கவனித்த ஸ்டீவ் பேல்ஸ் என்னும் இளைஞர் அவ்வெண்ணின் பொருளை உறுதியாக அறியாமல், இறங்குவதைக் கைவிடுமாறு கூறினார். கைவிட வேண்டிய தேவை இல்லை என்பது பின்னர் விளக்கப்பட்டது. தலைவர் ஜீன் கிரான்ஸ் அதனைச் சிறு பிழை என்று விட்டுவிடவில்லை. அபாய எண்கள் அனைத்தையும் ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் செய்யத்தக்கது யாது என வரையறுக்கப் பணித்தார். ஜாக் கார்மன் என்னும் இளைஞர் அவற்றைத் தம் கையாலேயே பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டார்.

ஜூலை 20ஆம் நாள் ஆம்ஸ்டிராங்கும் ஆல்டிரினும் மெய்யாகவே நிலவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். அப்பொழுது 1202 என்னும் அபாய எண் தோன்றியது. இருவர் உயிரும் ஒரு நாட்டின் பல்லாண்டு முயற்சியும் சில நொடிகளின் முடிவில் தொங்கின. கார்மன் பட்டியலை நோக்கினார். கணிப்பொறிக்கு வேலைப்பளு மிகுந்துள்ளது, அது தேவையற்ற வேலைகளை விடுத்து இன்றியமையாதவற்றைத் தொடர்ந்து செய்யும், அவ்வெண் இடைவிடாது தோன்றினாலன்றி அச்சமில்லை என்பது அதன் பொருள். இறங்கலாம் என்று பேல்ஸ் உறுதியுடன் கூறினார். கலம் இறங்கிற்று. ஒத்திகையில் நேர்ந்த பிழையே மெய்யான நாளில் வெற்றிக்கு வழிவகுத்தது. பிழை செய்வதற்கு உரிய இடம் ஒத்திகையே என்பதை இந்நிகழ்ச்சி நன்கு உணர்த்தும்.

ஒத்திகை மெய்யை நெருங்க நெருங்க, மெய்யின் இடரும் உடன் நெருங்கும். நிலவில் இறங்குவதைப் புவியிலேயே பறந்து பழகுவதற்கு ஒரு பயிற்சி ஊர்தி அமைக்கப்பட்டிருந்தது. 1968ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ஆம்ஸ்டிராங் அதில் பயின்றபோது ஊர்தி நிலைதடுமாறிற்று. அவர் இருக்கையோடு வெளியே பாய்ந்து வான்குடையின் துணையால் உயிர் தப்பினார். ஊர்தி வீழ்ந்து எரிந்தது. ஆயினும், நிலவில் இறங்குவதற்கு அப்பயிற்சி தமக்குப் பெரிதும் துணைபுரிந்ததாக அவர் பின்னர்ப் பாராட்டினார்.

இவ்வளவும் நோக்குமிடத்து, கேளிக்கை விளையாட்டு தாழ்ந்தது, ஒத்திகை உயர்ந்தது என்று எளிதில் தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது. விண்வெளியின்பால் ஆசையை விதைப்பது கேளிக்கை. அவ்வாசைக்கு அறிவு ஊட்டுவது ஒத்திகை. ஆசையின்றி அறிவு வளர்வது அரிது. அறிவின்றி ஆசை நிறைவேறுவது அரிது. மேலும், எத்துணைச் சிறந்த ஒத்திகையும் மெய்யை முழுமையாகத் தருவதில்லை. ‘அப்பல்லோ 11’ நிலவை அடைய மூன்று நாள் ஆயிற்று. வீட்டில் ஆடுபவனோ காலத்தை விரையச் செய்து சில நிமிடங்களில் நிலவை அடைகின்றான். எடையின்மையால் உடல் படும் துன்பமும், உயிர் பற்றிய அச்சமும், வீடு திரும்பும் ஏக்கமும் எத்திரையிலும் தோன்றுவதில்லை.

ஆதலின், எவ்விளையாட்டை ஆடும் மாணவனும் தன்னைத்தான் இரு வினாக்கள் வினவுதல் வேண்டும். இவ்விளையாட்டு எதனை உள்ளவாறு காட்டுகின்றது? எதனை விட்டுவிட்டது? இவற்றுக்கு விடை கண்டவனுக்குக் கேளிக்கையும் கல்வியாகும். காணாதவனுக்கு ஒத்திகையும் பொழுதுபோக்காகவே கழியும். சிற்றில் இழைத்து மணற்சோறு படைக்கும் சிறுமி அதனைச் சுவைத்து உண்பதுபோல் நடிக்கின்றாள், உண்பதில்லை. அது மணல் என்பதை அவள் அறிவாள். அவ்வறிவோடு ஆடும் விளையாட்டே நல்விளையாட்டாகும்.

வினாக்கள்

1. ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டில் மெய்யும் புனைவும் கலந்திருந்தமையை விளக்குக.
2. ‘முந்த விரும்புபவன் முதலில் பிந்த வேண்டும்’ என்பதன் காரணத்தை ‘ஜெமினி 4’ நிகழ்ச்சி கொண்டு எழுதுக.
3. கெர்பல்களின் உலகம் எவ்வகையில் பொய்? எவ்வகையில் மெய்?
4. ‘பிழை செய்வதற்கு உரிய இடம் ஒத்திகையே.’ இக்கூற்றை ‘அப்பல்லோ 11’ வரலாற்றால் நிறுவுக.
5. நீ ஆடும் விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அஃது எதனை உள்ளவாறு காட்டுகின்றது, எதனை விட்டுவிட்டது என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.